ராஜாவின் பேச்சை வெட்டிய மத்தியானம்

“ராஜா எப்படிப் பேசுவாருன்னு உனக்கு எங்கேருந்தும்மா தெரியும்? உங்க வூட்டுல யாரு பார்த்துருக்காங்க?”

முதல் நாடகத்தை எழுதி எடுத்துக்கொண்டு போன அன்று நம் மன்றச் செயலாளர் என்னிடம் கேட்டது இது. கையில் டீ டம்ளர், சுற்றிலும் நாலு பேர். நான் சொன்னேன்: “ராஜாவ யாரும் பார்த்ததில்லைங்க. ஆனா ராஜா முன்னால எப்படி நிக்கிறதுன்னு எங்க வூட்டுல எல்லாருக்கும் தெரியும்.”

நாலு பேரும் சிரித்தார்கள். கொஞ்சம் பொறுத்து செயலாளரும் சிரித்தார். அப்படித்தான் நம் பீங்கான் தொழிற்சாலையின் மனமகிழ் மன்றத்துக்கு நாடகம் எழுதுகிறவள் ஆனேன். ஆறு வருஷம், ஆறு நாடகம். இப்போது நீங்கள் நால்வர் புதிதாக எழுத வந்திருக்கிறீர்கள். அதில் இரண்டு பேர் பெண்கள் என்று கேள்விப்பட்டேன். உங்களுக்குப் பயன்படுகிற மாதிரி அனுபவம் எதையாவது மன்றத்துக் கையெழுத்து இதழில் எழுதச் சொன்னார்கள். எனக்கு வயது இருபத்தேழு. ஓய்வு பெறுகிற வயதா என்று கேட்கலாம். நான் ஓய்வு பெறுவது நாடகத்திலிருந்து மட்டும்தான். டெஸ்பாட்ச் பிரிவுக் குமாஸ்தா வேலையில் இன்னும் இருக்கிறேன்.

வசனம் எழுதுவது எப்படி, எத்தனை பக்கம் எழுதினால் இருபது நிமிஷம் வரும் என்பதையெல்லாம் நீங்களே கற்றுக்கொள்வீர்கள். நான் சொல்லப்போவது வேறு.

நம் மன்றத்தில் சரித்திரம் என்றால் சிரிப்புத்தான். ஆயுத பூஜை அன்று சாயங்காலம் பாட்டுக் கச்சேரிக்கு நடுவில் ஒரு சிரிப்பு நாடகம் போட வேண்டும், அது ராஜா காலத்துக் கதையாக இருக்க வேண்டும் என்பது எனக்கு முன்னாலேயே இருந்த வழக்கம். ஜிகினா கிரீடமும் அட்டைக் கத்தியும் மன்றத்துப் பெட்டியில் இருந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். என் முதல் நாடகம் பழைய காலத்துப் புலவர் ஒருவரைப் பற்றியது. பாடிப் பரிசில் வாங்கப் போகிறார். வள்ளல் மன்னர் மகிழ்ந்துபோய் ஒரு யானையைக் கொடுத்துவிடுகிறார். புலவர் வீட்டில் மூன்று நாளாக அடுப்பு எரியவில்லை. இப்போது யானைக்கும் சேர்த்துச் சோறு வேண்டும். யானையை ஓட்டிக்கொண்டு அடுத்த மன்னரிடம் போகிறார். அவர் இன்னொரு யானை கொடுக்கிறார். அவ்வளவுதான் கதை. போனஸ் நேரத்தில் தொழிலாளிகளுக்கெல்லாம் பிசகிப்போன பீங்கான் சாடிகளை அன்பளிப்பாகக் கொடுத்த வருஷம் அது. எதற்காக அப்படி விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள் என்று மேடைக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கடைசிவரை புரியவில்லை. தரையில் உட்கார்ந்திருந்தவர்களுக்குப் புரிந்தது.

மைக்கில், “நாடகம் எழுதியது மன்றத்தார்” என்று அறிவித்தார்கள். அடுத்த வருஷமும் அதேதான். பொம்பளைப் பேரைச் சொன்னால் நன்றாக இருக்காது என்றார் செயலாளர்.

அது எனக்கு எவ்வளவு வலித்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் நான் செய்த தப்புக்கு அதுதான் வேர். எங்கள் வீட்டில் எழுத்து தெரிந்த முதல் ஆள் நான். அப்பா வேலு, வேப்பூரை அடுத்த மங்களூர்ப் பக்கத்துப் புன்செய்க் காட்டை விட்டுவிட்டு இங்கே பீங்கான் வேலைக்கு வந்தவர். அம்மாவும் இங்கேதான், கப்புகளுக்கு அடி தேய்க்கிற வேலை. நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய அன்று அப்பா அந்தத் தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அவரும் அம்மாவும் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போது என் பேர் மைக்கில் கேட்க வேண்டும் என்பது எனக்கு ஒரு வெறியாகவே இருந்தது.

மூன்றாவது நாடகத்துக்கு வருகிறேன்.

அப்பாவுக்குப் பலகை தூக்குகிற வேலை. சக்கரத்திலிருந்து இறங்கிய ஈரக் கப்புகளை நீளப் பலகையில் அடுக்கித் தோளில் வைத்துக்கொண்டு காயப்போடும் கொட்டகைக்குக் கொண்டுபோக வேண்டும். வழியில் நிற்கக் கூடாது, அலுங்கக் கூடாது. ஆனால் மேனேஜர் ஐயா சுற்றிப் பார்க்க வந்தால் எல்லோரும் கையில் இருப்பதை வைத்துவிட்டு எழுந்து நின்று கும்பிட வேண்டும். எந்த உத்தரவிலும் இப்படி எழுதியிருக்கவில்லை. ஆனாலும் எல்லோரும் செய்தார்கள். அப்பாவும் பலகையைத் தரையில் இறக்கி வைத்துவிட்டுக் கும்பிடுவார். தோளைச் சாய்த்து, துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு, முட்டியை மடக்கி, பலகை அலுங்காமல் இறக்குவார். எத்தனை பக்குவமாக இறக்கினாலும் தரை மேடுபள்ளம்தானே. ஈரக் கப்புகளின் வாய் கோணிப்போகும். சூளையில் வெந்து வெளியே வந்த பிறகுதான் அது தெரியும். “கப்பு ஏன் இப்படிக் கோணிக்கிட்டு வருது?” என்று மேனேஜர் ஐயா மாதாமாதம் கூட்டம் போட்டுக் கேட்பார். மண் சரியில்லை என்பார்கள், சூடு சரியில்லை என்பார்கள். நீங்கள் நடந்து வருவதால்தான் என்று யாரும் சொன்னதில்லை.

நான் அதைச் சொன்னேன், பல்லக்கை வைத்து.

ஒரு ராஜா கையில் குடையோடு போருக்குப் புறப்படுகிறார். தன் விருதுப் பெயர்களைக் கேட்டால் எவனும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட வேண்டும் என்பது அவருடைய கட்டளை. பல்லக்கைத் தூக்குகிறார்கள். உடனே கட்டியக்காரன், “எட்டுத் திக்கும் வென்றவர், ஒன்பதாவது திக்கைத் தேடுகிறவர்” என்று ஆரம்பிக்கிறான். பல்லக்குக்காரன் ராஜாவோடு பல்லக்கைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிடுகிறான். மறுபடி தூக்குகிறான், மறுபடி விருதுப் பெயர், மறுபடி கும்பிடு. பல்லக்கு அரண்மனை வாசலையே தாண்டவில்லை. காத்திருந்த படை கட்டுச்சோற்றைத் தின்று தீர்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டது. எதிரி கோட்டைக்குள் வந்துவிட்டான். கும்பிடுகிற வழக்கத்தை நிறுத்தினால் தப்பிக்கலாம் என்று மந்திரி சொல்கிறார். ராஜா கண்ணை மூடி யோசித்துவிட்டுச் சொல்கிறார்: “கோட்டை போனால் போகட்டும். கும்பிடு போகக் கூடாது.”

பல்லக்குக்காரனாக நடித்தவர் கப்புக்கு அச்சு வார்க்கிற பிரிவுச் செல்வம் அண்ணன். யாரையும் ஒருமுறை பார்த்தால் அப்படியே செய்து காட்டுவார். ஒத்திகையில் பல்லக்கை எப்படி இறக்குவது என்று கேட்டார். “எங்கப்பா பலகை எறக்குற மாதிரி எறக்குங்கண்ணே” என்றேன். தோள் சாய்வதையும் துண்டைக் கடிப்பதையும் நானே செய்து காட்டினேன். அது அப்பாவுக்கு நான் செய்கிற மரியாதை என்றுதான் அப்போது நினைத்தேன். அப்பாவின் கையாலாகாத கோபத்துக்கெல்லாம் ராஜா பதில் சொல்லப் போகிறார் அல்லவா.

ஆயுத பூஜை அன்று காலையில் சூளைக்கும் சக்கரங்களுக்கும் பொட்டு வைத்துப் பொரி கொடுத்து முடித்தார்கள். மத்தியானம் மேடைக்குப் பின்னால் கிரீடத்துக்கு ஜிகினா ஒட்டிக்கொண்டிருந்தேன். செயலாளர் என் கையெழுத்துப் பிரதியோடு வந்தார்.

“தனலட்சுமி, யாரும்மா இந்த ராஜா?”

“சும்மா ஒரு ராஜாங்க.”

“சும்மா ஒரு ராஜாவுக்கு எதுக்குக் கையில கொடை?”

“எல்லா ராஜாவுக்கும் கொடை உண்டுங்க.”

“அந்தக் கொடைய மடக்கி ஆள் முதுகுல தட்டிக்கிட்டே போற ராஜா எந்தப் பொஸ்தகத்துல வர்றாரு?”

நான் கிரீடத்தில் ஜிகினாவை அழுத்தி ஒட்டினேன். மேனேஜர் ஐயா வெயில் மழை எதுவும் இல்லாத கொட்டகைக்குள்ளும் குடையோடுதான் வருவார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

“மொதலாளி குடும்பத்தோட மெட்ராஸ்லேருந்து வர்றாங்க. முன்வரிசையில மேனேஜர் அவங்க பக்கத்துல உக்காருவாரு. இத வச்சிக்கிட்டு நான் என்னா பண்றது, சொல்லு.” பிரதியை என் மடியில் வைத்தார். “ராஜா பேச்ச எடுத்துடு. அந்தக் கட்டளைய எடு, மந்திரிய எடு, கோட்ட போனா போவட்டும்ங்கறத எடு. ராஜா நல்லவரு. பல்லக்குத் தூக்கறவன் முட்டாளு. பேரக் கேட்டாலே கீழ வச்சிடுறான். அவ்வளவுதான். சிரிப்பு ஒண்ணும் கொறையாது.”

“எடுக்கலன்னா?”

“பாட்டுக்காரங்கள இன்னும் ரெண்டு பாட்டு பாடச் சொல்லிட்டுப் போறேன். எனக்கென்னா.” போகத் திரும்பியவர் நின்றார். “எடுத்தின்னா இந்த வருசம் உம் பேர மைக்குல நானே சொல்றேன். தகப்பன் பேரு இனிஷியலோட.”

அரை மணி நேரம் கொடுத்தார். எனக்கு அவ்வளவு தேவைப்படவில்லை. ஜிகினா ஒட்டிய விரலோடு பேனாவை எடுத்து நானே அடித்தேன். ராஜாவின் பேச்சில் பாதிக்கு மேல் போயிற்று. அடித்துவிட்டு ஒருமுறை படித்துக்கூடப் பார்க்கவில்லை. என் மனசுக்குள் மைக்கில் என் பேர் கேட்டுக்கொண்டிருந்தது.

செல்வம் அண்ணன் வாங்கிப் பார்த்தார். “என்னா தனம், பேச்சே போயிடுச்சி. நான் என்னத்த வச்சி சிரிக்க வைக்கிறது?”

“நீங்க பார்த்துக்குங்கண்ணே” என்றேன்.

பிள்ளைகளே, இந்த ஒரு வார்த்தையை நீங்கள் எந்த நடிகரிடமும் சொல்லாதீர்கள். எழுதுகிறவள் இதைச் சொன்னால், யாரைப் பார்த்துச் சிரிப்பது என்ற முடிவை அவள் கைகழுவிவிட்டாள் என்று அர்த்தம்.

சாயங்காலம் வெயில் இறங்குவதற்குள் மைதானம் நிரம்பிவிட்டது. “நாடகம் எழுதியவர், டெஸ்பாட்ச் பிரிவு செல்வி வே. தனலட்சுமி.” மைக் கொஞ்சம் கரகரத்தது, ஆனால் பேர் தெளிவாகவே கேட்டது. திரை ஓரத்திலிருந்து பார்த்தேன். தரையில் மூன்றாவது வரிசையில் அம்மா பக்கத்துப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்து மறுபடி தோளில் போட்டார்.

பல்லக்கு முதல் தடவை இறங்கியபோது லேசான சிரிப்பு. கட்டளை இல்லாததால் ஏன் இறங்குகிறது என்று யாருக்கும் புரியவில்லை. இரண்டாம் தடவை அதுவும் இல்லை. செல்வம் அண்ணனுக்கு வியர்த்தது எனக்குத் தெரிந்தது. மூன்றாம் தடவை அவர் துண்டைப் பல்லில் கடித்தார். தோளை முன்னைவிடச் சாய்த்தார். முட்டியை மடக்கி, பின்பக்கத்தைத் தூக்கி, பொட்டலம் மாதிரி ராஜாவைத் தரையில் வைத்துவிட்டு, நடுங்கிக்கொண்டே கும்பிட்டார். யாரோ உரக்கச் சொன்னார்கள்: “டேய், நம்ம வேலுடா.”

அதற்குப் பிறகு மைதானம் முழுவதும் சிரிப்பு. ராஜா பொறுமையாக, “எழுந்திரு மூடனே” என்று சொல்லச் சொல்ல, செல்வம் அண்ணன் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டிச் செய்தார். நாற்காலியில் இருந்தவர்களும் சிரித்தார்கள். மேனேஜர் ஐயா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். அப்பாவும் சிரித்தார். மற்றவர்கள் சிரித்த பிறகு, அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார்.

மறுநாள் காலை ஷிப்டுக்குள் அவர் பேர் பல்லக்கு ஆகிவிட்டது. “பல்லக்கு வருது, வழி விடு.” “பல்லக்கு, ராஜாவ எறக்கிட்டியா?” குழாயடியில் பெண்கள் என் அம்மாவைப் பல்லக்குப் பொண்டாட்டி என்றார்கள். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், “ஊரு சிரிக்கறதுக்கா உன்னப் படிக்க வச்சோம்?” என்று அப்பா எதிரிலேயே கேட்டாள்.

“வுடு” என்றார் அப்பா. “படிச்ச புள்ள எழுதினது. தப்பா இருக்காது.”

நான் உண்மையை அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால், பேருக்காக அடித்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வாரம் மேனேஜர் ஐயா கொட்டகைக்குள் வந்தார். எல்லோரும் எழுந்து கும்பிட்டார்கள். அப்பா பலகையை இறக்கவில்லை. இறக்கினால் சிரிப்பார்கள் என்று பயம். பார்வையைத் தரையில் வைத்துக்கொண்டு, பலகையோடு அவரைத் தாண்டி நேரே நடந்து போய்விட்டார். அந்தப் பலகையில் ஒரு கப்பும் கோணவில்லை. மேனேஜர் ஐயா குடையைத் தரையில் ஊன்றி நின்றுகொண்டு, “நாடகத்துல பேரு வந்துடுச்சில்ல, இனிமே கும்பிட மாட்டாரு” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அன்று சாயங்காலமே அப்பாவை மண் களத்துக்கு மாற்றிவிட்டார்கள். லாரியிலிருந்து மண் இறக்குவது, வெயிலில் கொட்டிக் கிளறுவது, மழை வந்தால் தார்ப்பாய் இழுப்பது. இருபது வருஷம் ஈரக் கப்பை அலுங்காமல் தூக்கிய ஆள் அவர். பல்லக்கு என்ற பேரும் அவர் கூடவே களத்துக்குப் போயிற்று.

செல்வம் அண்ணனிடம் சண்டைக்குப் போனேன். “எங்கப்பாவ ஏன் அப்படிக் காட்டினீங்க?” என்றேன். அவர் அச்சைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “நான் யாரக் காட்டறது தனம்? மேடையில ராஜா ஒருத்தரு, பல்லக்குத் தூக்கறவன் ஒருத்தன். ராஜாவ நீ காப்பாத்திட்ட.”

எனக்கு இந்தத் தொழிலில் கிடைத்த பாடம் அவ்வளவுதான். அதிகாரத்தில் இருப்பவர்கள் ஒரு சிரிப்பு நாடகத்தில் தங்களுக்குப் பிடிக்காததை வெட்டச் சொன்னால், மிச்சம் இருப்பது ஆபத்தில்லாத நாடகம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். சிரிப்பு எங்கேயும் போவதில்லை. ராஜா மேல் விழ வேண்டியது, அடுத்து நிற்கிறவன் மேல் விழும். அவன் பெரும்பாலும் சுமை தூக்குகிறவனாகவே இருப்பான். சோழர் காலமோ, நவாபு காலமோ, வெள்ளைக்காரன் காலமோ, எதை எழுதினாலும் அடித்த பிறகு ஒருமுறை படித்துப் பாருங்கள். மேடையில் மிச்சம் நிற்பது யார் என்று பாருங்கள். அது உங்களுக்குச் சோறு போட்டவராக இருந்தால் நாடகத்தையே திரும்ப வாங்கிவிடுங்கள். இருபது நிமிஷம் கூடுதலாகப் பாட்டுக் கேட்டால் யாரும் செத்துப்போக மாட்டார்கள்.

இதை இவ்வளவு தெளிவாகச் சொல்கிறவள் அதற்குப் பிறகு என்ன செய்தாள் என்று நீங்கள் கேட்க வேண்டும். மூன்று நாடகம் எழுதினேன். மூன்றுக்கும் மைக்கில் என் பேர் வந்தது. முதலில் இருந்தே ராஜாக்களை நல்லவர்களாகவே எழுதிவிட்டதால் செயலாளர் ஒரு வரியும் அடிக்கவில்லை. சாப்பாட்டு ராமன் தளபதி, தூங்குமூஞ்சிக் காவல்காரன், திக்குவாய்த் தூதன் எல்லோரையும் வைத்துச் சிரிக்க வைத்தேன். நன்றாகவே சிரித்தார்கள். அப்பா மூன்றுக்கும் வந்தார். கடைசி வரிசைக்கும் பின்னால், சைக்கிள்கள் நிறுத்துகிற இடத்தில் நின்று பார்த்தார். ஒரு தடவை வேப்பூரிலிருந்து வந்திருந்த சித்தப்பா, “முன்னால போயி உக்காரலாம் வாண்ணா” என்று இழுத்தாராம். “இங்கேருந்தே நல்லா கேக்குது” என்றாராம் அப்பா.

போன ஞாயிற்றுக்கிழமை அவருக்கு முதுகில் எண்ணெய் தேய்த்துவிட்டேன். மண் களத்தில் நாலு வருஷம். வலது தோள் இப்போது மேலே எழும்பவே இல்லை. தேய்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பழைய பிரதியை எடுத்து வந்து, அடித்த வரிகளையும் சேர்த்து முழுவதும் படித்துக் காட்டினேன். “கோட்டை போனால் போகட்டும்” வந்த இடத்தில் அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

“அப்ப மொதல்ல எழுதினதுல நான் முட்டாளு இல்லியா?”

“இல்லப்பா. ராஜாதான்.”

பிரதியை வாங்கி, அடித்த வரிகளின் மேல் விரலை ஓட்டினார். பிறகு, “நாலு வருசமா நான் முட்டாளுன்னுதான் நெனச்சிக்கிட்டு இருந்தேன் பாப்பா. மத்தவன் சொன்னா பரவால்ல. நீ எழுதிட்டியே” என்றார். எழுந்து தொட்டித் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டார். முதுகு தேய்க்க என்னைக் கூப்பிடவில்லை.

அவரிடம் மன்னிப்புக் கேட்டேனா என்றால், கேட்டேன். சரி என்றார். அந்தச் சரியை நான் நம்பவில்லை.

இந்தப் பக்கங்களை இதழில் சேர்க்கும் முன் யாராவது அடிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் இரண்டு பிரதி எழுதினேன். ஒன்று மன்றத்துக்கு; இந்தக் கடைசிப் பத்தியை இன்றுதான் இதில் சேர்த்தேன். இன்னொன்றோடு ஒரு கடிதம் இணைத்தேன்: அந்த நாடகத்தில் முட்டாளாக எழுதப்பட்டவர் ராஜாதான், அதை அடித்தவள் நான், என் தகப்பனார் வேலு அன்று கும்பிடாமல் போனதற்குக் காரணம் நான் எழுதியதுதான், அவரை மறுபடி பலகைக் கொட்டகைக்கு மாற்ற வேண்டும், பலகை தூக்குகிறவர்கள் நடுவழியில் சுமையை இறக்கிக் கும்பிடத் தேவையில்லை என்று எழுத்தில் அறிவிக்க வேண்டும். கப்பு ஏன் கோணுகிறது என்பதையும் அதிலேயே எழுதியிருக்கிறேன். இன்று காலை பத்து மணிக்கு மேனேஜர் ஐயாவின் அறைக்குப் போய் அவர் கையிலேயே கொடுத்தேன். டெஸ்பாட்ச் நோட்டை நீட்டி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன்.